பேனா நம் கையிலேயே இருக்கட்டும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி



“தன் கையே தனக்கு உதவி” என்று பெரியோர் சொல்வார்கள். நல்ல சொல்தான். அதை மறுக்க நாங்கள் வரவில்லை. ஆனால் வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, முதல் வாக்கியம் வராமல் நின்றுவிட்ட கைக்கு யார் உதவி? இந்த ஒரு கேள்வியைத்தான் இக்கட்டுரையில் கேட்க விரும்புகிறோம்.

இவ்வாண்டு நாம் பொதுத்தேர்வு எழுதுகிறோம். அதன்பின் இரண்டே ஆண்டுகளில் நம்முள் பலர் கல்லூரி வாசலில் நிற்போம். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, கட்டணம் எவ்வளவு, விடுதியா பேருந்தா என்று வீட்டில் இப்போதே பேச்சு நடக்கிறது. உள்ளே போனபின் அங்கே எழுத வேண்டியவற்றை எப்படி எழுதப் போகிறோம் என்பதை மட்டும் எவரும் பேசுவதில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் எழுத்துக்கு உதவும் மையம் ஒன்று இருக்க வேண்டும். அங்கே போய் உதவி கேட்பதில் நமக்கு வெட்கமும் இருக்கக் கூடாது. இதுவே எங்கள் கருத்து. ஏன் என்று சொல்கிறோம், பொறுமையுடன் கேளுங்கள்.

எங்கள் ஊரும் எங்கள் அக்காவும்

மண்ணூரிலிருந்து பள்ளிக்கு வரும் எங்களுக்குக் கம்பெனிப் பேருந்துகளே கடிகாரம். முதல் ஷிப்ட் பேருந்து போனால் எழுந்துவிட வேண்டும். அடுத்த பேருந்து போவதற்குள் சடை பின்னி முடித்திருக்க வேண்டும். திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கார், கண்ணாடி, டயர், கைப்பேசி என்று உலகம் கேட்பதெல்லாம் செய்யும் பகுதி எங்களுடையது. எங்கள் தாத்தா பாட்டிமார் நெல் விளைத்தவர்கள். எங்கள் அப்பாமார் இயந்திரத்தின் அருகே நிற்பவர்கள்.

எங்களுள் ஒருத்தியின் அப்பா இருபது ஆண்டுகளாக ஒரே வகை இயந்திரத்தில் வேலை செய்கிறார். சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் இயந்திரம் நின்றுபோனால், அது எப்படி நின்றது, ஏன் நின்றது என்று நாலு வரி ரிப்போர்ட் எழுதுவது அவரைவிடப் பதினைந்து வயது இளைய, டிப்ளமா படித்த ஒருவர். கண்டுபிடித்தது அப்பா, தாளில் இருப்பது வேறொருவர் பெயர். அப்பா இதைக் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்ட எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தெரிந்திருப்பது ஒன்று, தெரிந்ததை எழுதிக் காட்டுவது வேறொன்று என்பதை அன்று அறிந்துகொண்டோம்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவர். அவர் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவரே. இப்பகுதியிலுள்ள ஒரு கல்லூரியில் சேர்ந்தார். முதல் பருவத்திலேயே, “உன் ஊரில் இருபது ஆண்டுகளில் ஏற்பட்ட மாற்றம்” என்ற பொருளில் ஐந்து பக்கக் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி வரச் சொன்னார்கள்.

அக்காவுக்குத் தெரியாத பொருளா அது? நெல்லடித்த களம் இருந்த இடத்தில் வாடகை அறைகள் வரிசையாக நிற்பதும், அவற்றில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் தங்கியிருப்பதும், டீக்கடைப் பலகையில் இந்தி எழுத்து ஏறியதும், பாட்டி இன்னும் இல்லாத வயல்களின் பெயரைச் சொல்லியே வழி காட்டுவதும் அவர் கண்ணால் கண்டவை. ஆயினும் ஒரு வாக்கியமும் வரவில்லை. பத்து நாட்கள் தாளைப் பார்த்துக்கொண்டே கழிந்தன. கடைசி இரவில் இணையத்திலிருந்து ஐந்து பக்கங்களை எடுத்து எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் இருந்தது வேறு யாருடைய ஊரோ! தாள் திரும்பி வந்தபோது சிவப்பு மையில் ஒரு சுழி; பக்கத்தில் ‘இது உன்னுடையது அன்று’ என்று ஒரு வரி.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த அக்கா, இனிமேல் போகமாட்டேன் என்று பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். “கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் அம்மா, நான் வேலைக்குப் போய்விடுகிறேன்” என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் அம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பார்த்து எழுதியது பிழைதான். அக்காவே அதை ஒப்புக்கொள்கிறார். சுழி போட்ட ஆசிரியையையும் நாங்கள் குறை சொல்லவில்லை. எங்கள் கேள்வி வேறு. அந்தக் கடைசி இரவுக்கு முன்னிருந்த பத்து நாட்களில், “எனக்கு எழுத வரவில்லை” என்று சொல்லிக்கொண்டு போவதற்கு அவருக்கு ஓர் இடம் இருந்ததா?

இடம் இல்லை, ஆனால் ஓர் ஆள் இருந்தார். விடுதியில் மூன்றாம் ஆண்டு படித்த மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “பெட்டியை எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து உட்காருவோம்” என்றாராம். விடுதிச் சாப்பாட்டு மேசையில், இரவு உணவுக்குப் பிறகு, நான்கு நாட்கள் உட்கார்ந்தார்கள். அந்த மூத்த மாணவி பேனாவைத் தொடவே இல்லை. “உன் ஊரில் எது மாறியது? முதலில் எனக்குத் தமிழில் சொல்” என்றார். அக்கா வயல்களின் பெயர்களைச் சொன்னார். “இதை அப்படியே எழுது” என்றார். எழுதினார். “இதில் எது முதலில் வர வேண்டும்? படிக்கிறவருக்கு உன் பாட்டியைத் தெரியாதே, என்ன சொன்னால் தெரியும்?” என்று அடுத்த கேள்வி. இப்படிக் கேள்வி கேள்வியாக நடந்து, அதன் பிறகுதான் ஆங்கிலத்துக்கு வந்தார்கள். எழுத்துப்பிழை பார்த்தது கடைசி நாளில்தான். ஆசிரியையும் பெரிய மனதுடன் புதுக் கட்டுரையை வாங்கிப் படித்தார். இருபதுக்குப் பன்னிரண்டு மதிப்பெண். பெரிய மதிப்பெண் அன்று. ஆனால் அந்தப் பன்னிரண்டும் அக்காவுடையவை. இன்று அவர் மூன்றாம் ஆண்டில் படிக்கிறார்.

அந்த மூத்த மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டார். இப்போது புதிதாக வரும் தங்கையருக்கு எதிரில் எங்கள் அக்கா உட்காருகிறாராம். அவரும் போனபின்? நல்ல மனம் படைத்த ஒருத்தி விடுதியில் இருப்பதும் இல்லாததும் அதிர்ஷ்டம். ஒரு பெண்ணின் படிப்பை அதிர்ஷ்டத்தின் கையில் விடலாமா?

கதவு திறந்தது, பிறகு?

நம் மாநிலம் கல்லூரிக் கதவை அகலமாகத் திறந்து வைத்திருப்பதை நன்றியுடன் சொல்ல வேண்டும். குடும்பத்தில் முதலாவதாகப் பட்டப்படிப்புக்கு வருபவருக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2021இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மத்திய அரசின் 2021–22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பில், கல்லூரி வயதினரோடு ஒப்பிடும்போது உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. நாடு முழுவதற்கும் அது 28 விழுக்காடுதான்.

பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் கட்டணச் சலுகை கல்லூரி வாசல் வரை கொண்டுபோய் விடுகிறது. வாசலைத் தாண்டியபின் ஆய்வக அறிக்கை, கருத்தரங்கக் கட்டுரை, செயல்திட்ட அறிக்கை, வேலைக்கு விண்ணப்பம் என்று ஒவ்வொன்றும் எழுத்தாகவே கேட்கப்படுகிறது. படித்த பெற்றோர் உள்ள வீட்டில், “அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்கள்” என்று நீட்டலாம். எங்கள் வீடுகளில் யாரிடம் நீட்டுவது? முதல் தலைமுறை மாணவிக்கு இல்லாதது அறிவு அன்று; “கொஞ்சம் பாருங்கள்” என்று நீட்டுவதற்கு ஓர் ஆள்.

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் வந்தது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல், பள்ளி முடித்த நகரத்துப் பிள்ளைகள் யாவருக்கும் கதவைத் திறந்தது. ஏழைகள், கறுப்பினத்தார், வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வந்தோர் என்று பெருங்கூட்டமாக மாணவர் சேர்ந்தனர். அவர்கள் எழுதிய தாள்களில் பிழைகள் மலிந்திருந்தன. இவர்களுக்குக் கல்லூரி எதற்கு என்று சிலர் முணுமுணுத்தனர். அங்கே சிட்டி கல்லூரியில் பணிபுரிந்த மினா ஷாக்னெஸி என்ற ஆசிரியை முணுமுணுக்கவில்லை. அம்மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். அப்பிழைகள் சோம்பலால் வந்தவை அல்ல, அறிவுக் குறைவால் வந்தவையும் அல்ல. எழுத்துக்குப் புதிதாக வருபவர் தமக்குத் தெரிந்த விதியைக் கொண்டு முயன்றதால் வந்தவை என்று கண்டு, 1977இல் ஒரு நூலாக எழுதினார். பிழையைப் பார்த்ததும் சுழி போடாமல், அது எங்கிருந்து வந்தது என்று கேட்ட ஆசிரியை! அவரை நினைத்தால் எங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூக்ளின் கல்லூரியில் கென்னத் புரூஃபி என்ற பேராசிரியர் வேறொன்றைக் கவனித்தார். கல்லூரி ஏற்பாடு செய்த உதவியை மாணவர் பலர் நாடவில்லை; அதுவும் இன்னொரு வகுப்பறையாகவே அவர்களுக்குத் தோன்றியது. சக மாணவர் உதவினால் மட்டும் ஏற்றுக்கொண்டனர். ஆகவே மாணவரையே பயிற்றுவித்து மாணவருக்கு உதவ வைத்தார். எங்கள் அக்காவின் விடுதி மேசையில் நடந்ததும் இதுவே அன்றோ?

மையம் என்றால் என்ன?

எழுத்துக்கென்று தனி அறை ஒதுக்கும் வழக்கம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1930களிலேயே தோன்றிவிட்டது. இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகம் 1976இல் தொடங்கிய எழுத்துக்கூடம், 1994 முதல் தன் பாடங்களை இணையத்திலும் தருகிறது. அவற்றை மண்ணூரில் இருந்துகொண்டே காசில்லாமல் படிக்கலாம். நம் நாட்டிலும் சில இடங்களில் இத்தகைய மையம் உண்டு. அரியானா மாநிலம் சோனிபட்டிலுள்ள அசோகா பல்கலைக்கழகத்தில் உண்டு. நமக்கு அருகிலேயே, ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் உள்ள க்ரியா பல்கலைக்கழகத்திலும் உண்டு. இவை இரண்டும் கட்டணம் மிகுந்த தனியார் பல்கலைக்கழகங்கள். சிறு வயதிலிருந்தே ஆங்கிலத்தில் படித்து வந்தோர் பலர் பயிலும் இடத்திலேயே இம்மையம் வேண்டியிருக்கிறதென்றால், தமிழ் வழியில் படித்துவிட்டுத் தொழிற்பேட்டை ஓரத்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு எவ்வளவு வேண்டும்!

அங்கே நடப்பது இதுதான். மாணவி நேரம் குறித்துக்கொண்டு போகிறாள். அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் அவளுக்கென்று ஒருவர் எதிரில் உட்காருகிறார். ஆசிரியர் தந்த கேள்வியையும் தான் எழுதியதையும் அவள் காட்டுகிறாள். ஒன்றும் எழுதாவிட்டால் வெறுங்கையோடும் போகலாம், பேச்சிலிருந்தே தொடங்குவார்கள். பல மையங்களில் கட்டுரையை உரக்கப் படிக்கச் சொல்வார்கள். கண் தாண்டிப் போன பிழையைக் காது பிடித்துவிடும். முதலில் கேட்கப்பட்டது என்ன, நீ சொல்ல வந்தது என்ன, அதற்குச் சான்று எங்கே என்ற பெரிய காரியங்கள். பிறகு பத்திகளின் வரிசை. கடைசியில்தான் இலக்கணமும் எழுத்துப்பிழையும். உதவுபவர் மதிப்பெண் போடுவதில்லை, எழுதித் தருவதுமில்லை. பேனா மாணவியின் கையிலேயே இருக்கிறது.

இந்த இடத்தில் எங்களுக்கு வட்டாட்சியர் அலுவலக வாசல் நினைவுக்கு வருகிறது. அங்கே மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதித் தருவோர் இருப்பார்கள். பட்டாவோ, வருமானச் சான்றோ, முதியோர் உதவித்தொகையோ, சொன்னால் போதும், மளமளவென்று எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிவிடுவார்கள். அவர்கள் செய்வது உதவிதான். எங்கள் பாட்டிமாருக்கு அவர்கள் இல்லாவிட்டால் வழியில்லை. ஆனால் ஐந்து முறை மனு எழுதி வாங்கிய பாட்டி, ஆறாம் முறையும் அதே மேசைக்குத்தான் போகிறார். எழுத்துதவி மையம் இதற்கு நேர்மாறானது. ஐந்து முறை போன மாணவி ஆறாம் முறை போக வேண்டியதில்லை. போனாலும், அந்த முறை எதிர்நாற்காலியில் உட்காரப் போவாள்.

நம் முன்னோருக்கும் இது தெரியும். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணவர் கல்வி பெறும் வழியைக் கணக்குப் போட்டே சொல்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கு; உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு; பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கும் வந்து நிறைகிறது என்கிறார். இக்கணக்கின்படி, உதவி கேட்டு வந்தவளுக்குக் கால் பங்கு லாபம் என்றால், உதவியவளுக்கு அரைப் பங்கு லாபம்! அதே நூல், சொன்னதைச் சொல்லும் கிளியைத் தலைமாணாக்கர் வரிசையில் வைக்காமல் இடைமாணாக்கருக்கே உவமையாக்குகிறது. உரைநூலில் உள்ள கட்டுரையை மனப்பாடம் செய்து தேர்வில் இறக்கி வைக்கும் நாம் எந்த வரிசை என்று யோசித்துப் பார்க்கலாம்.

சிலர் கேட்கக் கூடியவை

“ஆசிரியர் இருக்கும்போது மையம் எதற்கு?” என்று கேட்கலாம். ஒரு வகுப்பில் 60 மாணவியர். ஒவ்வொருத்தியுடனும் 20 நிமிடம் உட்கார்ந்தால் 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம். ஒரே ஒரு கட்டுரைக்கு இவ்வளவு! எந்த ஆசிரியையால் இயலும்? மேலும், மதிப்பெண் போடுபவரிடம், “எனக்குத் தொடங்கவே தெரியவில்லை” என்று சொல்ல நாக்கு எழாது. மதிப்பெண் போடாதவரிடம் சொல்லலாம்.

“பிறர் உதவியோடு எழுதினால் அது ஏமாற்று அல்லவா?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. எங்கள் விடை இது: வாக்கியத்தைத் தருவது ஏமாற்று, கேள்வியைத் தருவது கற்பித்தல். தையல் வகுப்பில் ஆசிரியை, “இந்தப் பக்கம் சுருங்குகிறது, ஏன் பார்” என்று சொன்னால் அந்தச் சட்டை ஆசிரியையுடையது ஆகிவிடுமா?

“கைப்பேசியே எழுதித் தருகிறதே” என்பதே இன்று பெரிய கேள்வி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், தலைப்பைச் சொன்னால் நொடியில் கட்டுரை வந்து விழுகிறது. தமிழிலும் விழுகிறது. நாங்களும் பார்த்தோம், பொய் சொல்வானேன்? அதனிடமும் விளக்கம் கேட்கலாம், ஐயம் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் எழுதித் தரச் சொன்னால், அது மரத்தடி மேசையைவிட வேகமான, மலிவான மரத்தடி மேசைதான். அதற்கு எங்கள் பாட்டி சொல்லும் வயல் பெயர்கள் தெரியாது. அது எழுதுவது மறுபடியும் வேறு யாருடைய ஊரோ! அன்று அக்கா இணையத்திலிருந்து எடுத்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இது வந்தபின் எதிர்நாற்காலியின் தேவை குறையவில்லை. கூடிவிட்டது என்பதே எங்கள் எண்ணம்.

“பணத்துக்கு எங்கே போவது?” என்றும் கேட்பார்கள். நூலகத்தில் ஒரு மூலை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பெயர் எழுத ஒரு பதிவேடு, மாலையில் இரண்டு மணி நேரம், பயிற்சி பெற்ற மூத்த மாணவியர் பத்துப் பேர், அவர்களை வழிநடத்த ஓர் ஆசிரியை. இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். கொரோனாவுக்குப் பின் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், அந்தந்தத் தெருவில் வாழும் படித்த பெண்களே மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் தம்பி தங்கையரும் அப்படிப் படித்தவர்களே. பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்பது நமக்குப் புதிதன்று. அதைக் கல்லூரிக்குள்ளும் கொண்டுபோக வேண்டும் என்கிறோம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். நம் ஊர்களில் அமையும் மையத்தில் தமிழில் பேச இடம் இருக்க வேண்டும். யோசனை எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியில் முதலில் சொல்ல விட வேண்டும். அக்காவை எழுத வைத்தது, “தமிழில் சொல்” என்ற அந்த ஒரு வார்த்தைதான். உள்ளே நுழைந்ததுமே ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்றால், தேவை மிகுந்தவள் வாசலிலேயே திரும்பிவிடுவாள்.

நாம் செய்ய வேண்டியது

மையம் வந்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தவும் தெரிய வேண்டும். விசாரித்தும் படித்தும் அறிந்த சிலவற்றைத் தோழியருக்குச் சொல்கிறோம். கட்டுரை கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் போகாதீர்கள். ஒரு வாரம் முன்னதாகப் போங்கள். ஆசிரியர் தந்த கேள்வித்தாளை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். “எல்லாவற்றையும் திருத்துங்கள்” என்று சொல்லாதீர்கள். “என் இரண்டாம் பத்தி எனக்கே புரியவில்லை” என்று ஓரிடத்தைக் காட்டுங்கள். கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கட்டுரையில் ஓட்டை எங்கே என்று அப்போதுதான் தெரியும். எழுந்து வரும்போது, “அடுத்து நான் செய்யப் போவது இது” என்று ஒன்றை உங்கள் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தலையைக் குனிந்துகொண்டு போகாதீர்கள். கண்ணாடி போடுகிறவள் கண்ணுக்கு வெட்கப்படுவதில்லையே!

கல்லூரி வரும்வரை காத்திருப்பானேன் என்றும் எங்களுக்குத் தோன்றுகிறது. நம் பள்ளியிலேயே வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் நூலகத்து நீள மேசையைத் தந்தால் போதும். பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவியர் முறை வைத்து உட்காருவோம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புத் தங்கையர் கட்டுரை நோட்டோடு வரட்டும். சட்டம் ஒன்றே ஒன்று: அவர்கள் பேனாவை நாங்கள் தொடமாட்டோம். தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களிடம் இவ்வேண்டுகோளை இம்மலர் வாயிலாகப் பணிவுடன் வைக்கிறோம். தமிழாசிரியையும் ஆங்கில ஆசிரியையும் எங்களைப் பயிற்றுவிக்க மனம் இசைய வேண்டும்.

இக்கட்டுரையையும் அப்படித்தான் எழுதினோம். முதலில் மொழியின் பெருமை, கல்வியின் சிறப்பு என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தோம். பக்கத்து பெஞ்சுத் தோழி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி, உங்கள் தெரு அக்கா எங்கே?” என்றாள். இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டோம். அவள் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. ஆனால் அவள் கேட்டிராவிட்டால் அக்காவின் கதை இம்மலரில் வந்திராது.

தோழியரே! எங்கள் அப்பாமார் செய்த கார்கள் கடல் கடந்து போகின்றன. அவர்களுக்குத் தெரிந்ததோ நாலு வரி ரிப்போர்ட்டாகக்கூட வெளியே வரவில்லை. அந்த நாலு வரியை எழுதும் முறை இப்போது நம்மிடம் வந்திருக்கிறது. யாரும் நமக்காக எழுதித் தர வேண்டாம். எதிரில் ஒரு நாற்காலி போட்டு, “சொல், என்ன பார்த்தாய்?” என்று கேட்க ஒருவர் உட்கார்ந்தால் போதும். பேனா நம் கையிலேயே இருக்கட்டும்.